வாடகை தராதவரை வீட்டிலிருந்து எழுப்புவது எப்படி: ஹட்டன் ஆசிரியை ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே, வங்கிக் கடனெடுத்து இரண்டு மாடி வீடொன்றைக் கட்டி, கீழ்மாடியை மாதம் 18,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கும் ஆசிரியை ஒருவர் தம் நிலைமையை எழுதி ஆலோசனை கேட்டிருந்தார். டவுனில் சிறிய கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம் அங்கே குடியிருக்கிறது. முதல் ஏழு மாதங்கள் வாடகை ஒழுங்காக வந்தது. அதன் பிறகு நான்கு மாதங்களாக ஒன்றும் வரவில்லை. மின்சாரப் பட்டியலும் இவருடைய பெயரில் 11,400 ரூபாய்க்கு ஏறி நிற்கிறது. கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம் சேர்த்துத் தாறேன் டீச்சர்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. தொடக்கத்தில் மூன்று மாத வாடகையான 54,000 ரூபாயை முற்பணமாக வாங்கியிருக்கிறார். ஒப்பந்தம் இரண்டு வருடங்களுக்கு, முத்திரை ஒட்டிய தாளில், இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு எழுதப்பட்டிருக்கிறது, உறுதிப்பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசிடம் போகவில்லை. அந்தக் குடும்பம் தேர்த் திருவிழாவுக்காக ஊருக்குப் போகும் நாளில் பூட்டை மாற்றிவிடலாமா, இல்லாவிட்டால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிடலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

பூட்டை மாற்றக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம், இந்த ஒரு செயலினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள் எதிராளியாகிவிடுவீர்கள் என்பதே. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், காணி அல்லது கட்டடம் தொடர்பான தகராறினால் சமாதானம் குலையக்கூடும் என்று பொலிஸாரோ, தகராறில் சம்பந்தப்பட்டவரோ நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். அங்கே நீதவான் உறுதிப்பத்திரம் யாருடையது என்றோ, வாடகை எத்தனை மாதம் பாக்கி என்றோ பார்க்கமாட்டார். நீதிமன்றத்துக்கு அறிவித்த அந்தத் திகதியில் வீடு யாருடைய கையில் இருந்தது என்பதையே பார்ப்பார். அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தால், அவரை மீண்டும் உள்ளே விடும்படி கட்டளையிடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. திருவிழா முடிந்து திரும்பிய கடைக்காரர் பெண்டு பிள்ளைகளோடும் சட்டிமுட்டிகளோடும் பொலிஸ் நிலையத்துக்குப் போனால், வாடகை தராத மனிதர் நீதிமன்றக் கட்டளையின் பலத்தோடு உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு உங்களோடு எந்தச் சமரசத்துக்கும் இறங்கிவர அவருக்குத் தேவை இருக்காது.

தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டை வாடகைக்காரர் இடையூறின்றி அனுபவிக்க விடுவது, நம் நாட்டில் இன்றும் நடைமுறையிலுள்ள உரோம டச்சுச் சட்டத்தின்படி வீட்டுக்காரரின் கடமையாகும். பைப்பை மூடினால் அந்தக் கடமையை மீறியவர் நீங்கள் என்ற பேச்சு வழக்கின் முதல் நாளே எழும். மின்சாரக் கட்டணம் செலுத்தப்படாததால் மின்சார சபையே இணைப்பைத் துண்டிப்பது வேறு விடயம். ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் அந்த நிலுவையும் மீள இணைக்கும் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே இப்போதைக்கு அந்தப் பட்டியலை நீங்களே கட்டிவிட்டு, பற்றுச்சீட்டைக் கோவையில் போட்டு, அந்தத் தொகையை நிலுவைக் கணக்கில் தனி வரியாக எழுதிக்கொள்வதே மேல்.

இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும் வீட்டுக்காரர்களில் பலர், மலையகத்தில், தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக ஒரு வீட்டுக்கு உரிமையாளரானவர்கள். நாலைந்து தலைமுறைகளாக, தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களில் வாழ்ந்த சமூகத்துக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டியதாகவே இருந்தது; அதற்கு வாடகையும் இல்லை, உறுதியும் இல்லை, எழுதிக் கையொப்பமிட வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே வீட்டைக் கட்டி முடித்த ஆசிரியருக்கோ, கொழும்பில் உழைத்து அனுப்பிய பிள்ளைகளின் காசில் மாடி எழுப்பிய பெற்றோருக்கோ, வீட்டுக்காரர் என்ற நிலையில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் பெரியவர்கள் இருப்பதில்லை. அதற்கு மேல், குடியிருப்பவரும் பெரும்பாலும் தெரிந்தவராகவோ, தெரிந்தவருக்குத் தெரிந்தவராகவோ இருப்பார். அவருடைய பிள்ளை உங்கள் வகுப்பிலேயே படிக்கும். காசைக் கேட்க நாக்கு எழாது. முதல் மாதம் கேட்கக் கூச்சம், இரண்டாம் மாதம் கேட்கத் தயக்கம், நான்காம் மாதம் பூட்டை மாற்றும் அளவுக்குக் கோபம் என்று இது வளர்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதல் மாதத்திலேயே, பிந்திய பத்தாவது நாளில், கோபமில்லாத நான்கு வரிக் கடிதம் ஒன்று கொடுத்திருந்தால் பல வழக்குகள் பிறந்தே இருக்காது.

இனி உங்கள் ஒப்பந்தத்தைப் பார்ப்போம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசின் முன்னிலையில் முறைப்படி எழுதப்பட்டிருந்தால்தான் செல்லும். முத்திரை ஒட்டியதாலோ, இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைத்ததாலோ, கிராம உத்தியோகத்தர் சீல் குத்தியதாலோ அந்தக் குறை நீங்குவதில்லை. எனவே உங்களுடைய இரண்டு வருட ஒப்பந்தம் இரண்டு வருடக் குத்தகையாக நிற்காது. ஆனால் அவர் உள்ளே வந்து, மாதாமாதம் வாடகை தந்து, நீங்களும் வாங்கியிருக்கிறீர்கள் என்பதால், நீதிமன்றம் இதை மாத வாடகையாகவே கொள்ளும். இதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது: இரண்டு வருடம் முடியும்வரை காத்திருக்காமல், ஒரு மாத அறிவித்தலோடு வாடகையை முடிவுக்குக் கொண்டுவரலாம். மறுபக்கத்தில், "தவறினால் மாதம் ஐந்து வீதம் வட்டி", "இரண்டு மாதம் தவறினால் உடனே வெளியேறச் சம்மதம்" என்று அந்தத் தாளில் எழுதி வைத்திருந்தால், அவற்றை அப்படியே நீதிமன்றம் ஏற்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

அந்தத் தாளில் நான் மிகவும் கவலையோடு பார்க்கும் சொல் முற்பணம் என்பதுதான். 54,000 ரூபாய் என்பது சேதத்துக்கும் கட்டணங்களுக்கும் ஈடாக வைத்திருந்து, வீட்டை ஒப்படைக்கும்போது திருப்பித் தரப்படும் வைப்புப் பணமா, அல்லது முன்கூட்டியே கொடுக்கப்பட்ட வாடகையா என்பது எழுதப்படாவிட்டால், கடைக்காரர் தரப்பு இரண்டாவதையே சொல்லும். நான்கு மாத வாடகையான 72,000 ரூபாயிலிருந்து 54,000 ரூபாயைக் கழித்தால் மிஞ்சுவது 18,000 ரூபாய்தான். நான்கு மாதம் ஏமாற்றியவர் கணப்பொழுதில் ஒரு மாதம் பிந்தியவராக மாறிவிடுவார். "அட்வான்ஸில கழிச்சுக்கோங்க" என்று அவர் வாயால் சொல்லும்போது நீங்கள் தலையாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். இதுவரை நீங்கள் எழுத்தில் எதற்கும் சம்மதிக்கவில்லை என்றால், அடுத்த கடிதத்திலேயே, முற்பணம் வீட்டை ஒப்படைக்கும் நாளில் கணக்குப் பார்க்கப்படும் வைப்புப் பணம் என்றும் வாடகை நிலுவை 72,000 ரூபாய் என்றும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்துமா என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது வாடகைக்காரருக்கு மிகுந்த பாதுகாப்பு அளிக்கும் சட்டம்தான். கண்டி, நுவரெலியா போன்ற நகரங்களின் பழைய கட்டடங்களில் இரண்டு தலைமுறையாகச் சொற்ப வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கதைகளின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 1980 ஆம் ஆண்டின் 55 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின், 1980 சனவரிக்குப் பிறகு கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. அண்மையில் கட்டிய உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இதை உறுதிப்படுத்திக்கொள்வது சட்டத்தரணிக்கு ஐந்து நிமிட வேலை. பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் கோபத்தில் வாடகையை வாங்க மறுத்தால், வாடகைக்காரர் அதை உள்ளூராட்சி மன்றத்தில் கட்டிவிடலாம். அப்படிக் கட்டியது வீட்டுக்காரருக்கே கட்டியதாகக் கொள்ளப்படும்.

அடுத்து, நீங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டும்: உங்களுக்கு வேண்டியது வீடா, காசா? இரண்டையும் ஒரே மூச்சில் துரத்துபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே பிந்தித்தான் கிடைக்கின்றன. மாதம் 18,000 ரூபாயைக் கொடுக்க முடியாத ஒரு கடைக்காரர், நிலுவைக்கு மேலும் 10,000 ரூபாய் சேர்த்து மாதம் 28,000 ரூபாய் தருவார் என்று எழுதி வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடையின் நிலைமையை நேரில் பாருங்கள். அலுமாரியில் சாமான் நிறைந்திருந்து, வியாபாரம் ஓடிக்கொண்டிருந்து, உங்களுக்கு மட்டும் காசு வரவில்லை என்றால் அவர் உங்களைக் கடைசி வரிசையில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அவரிடம் கண்டிப்புப் பலிக்கும். சாமான் தட்டுகள் வெறுமையாகி, கடனுக்கு வாங்கும் தோட்டத்து ஆட்களின் கொப்பி மட்டும் தடித்திருந்தால், அவரிடம் காசு இல்லை. அவரை வழக்கில் வென்றாலும் பெறுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்டவரோடு, குறித்த ஒரு திகதிக்குள் வீட்டை விட்டால் நிலுவையில் ஒரு பகுதியை விட்டுத் தருவதாகப் பேசி எழுதிக்கொள்வதுதான், வழக்குச் செலவையும் வங்கித் தவணையையும் கூட்டிப் பார்த்தால், மலிவான வழி. இது பலருக்குக் கசக்கும் என்று எனக்குத் தெரியும். ஏமாற்றியவனுக்குப் பரிசு கொடுப்பதா என்று கேட்பார்கள். இருந்தாலும் வெறுமையான வீட்டை அடுத்த மாதமே இன்னொருவருக்கு விடலாம் என்பதை யோசியுங்கள்.

பேசிப் பார்த்துச் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த இந்தச் சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் கூடும். சட்டத்தரணிகள் அங்கே உங்களுக்காகப் பேச முடியாது. இரு தரப்பாரும் நேரில் போக வேண்டும். உங்களுடையதைப் போன்ற சிறிய தொகைக்கான பிணக்கை முதலில் அங்கே கொண்டுபோகாமல் நேராக நீதிமன்றம் போக முடியாது. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அது வெறும் சம்பிரதாயம் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டுப் படியில் நின்று நீங்கள் கேட்கும்போது மழுப்புகிற அதே மனிதர், ஊரில் மதிப்புள்ள மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து "எப்ப தருவீங்க?" என்று கேட்கப்படும்போது ஒரு திகதியைச் சொல்லியே ஆக வேண்டும், சொன்னதை எழுதிக் கையொப்பமும் வைக்க வேண்டும். போகும்போது கணக்குக் கொப்பியைக் கொண்டுபோங்கள். "மார்ச் வாடகை 18,000: கிடைக்கவில்லை. ஏப்ரல் 12: தொலைபேசியில் கேட்டேன், மாத முடிவில் தருவதாகச் சொன்னார். ஏப்ரல் 30: தரவில்லை" என்று அன்றன்று எழுதப்பட்ட ஒரு கொப்பிக்கு, பிறகு உட்கார்ந்து நினைவிலிருந்து தயாரித்த கணக்கை விட மதிப்பு அதிகம்.

மத்தியஸ்தம் நடக்கும்போதே வெளியேறும் அறிவித்தலையும் சட்டத்தரணி மூலம் அனுப்புவது நல்லது. மாத வாடகையை முடிவுறுத்த ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் வேண்டும். அது வாடகை மாதத்தின் கடைசி நாளோடு முடிய வேண்டும். உங்கள் வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்குவதால், ஓகஸ்ட் 31 ஆம் திகதி அவர் வெளியேற வேண்டுமென்றால், ஜூலை 31 ஆம் திகதிக்குள் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஓகஸ்ட் 5 ஆம் திகதி கொடுத்துவிட்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி போ என்று எழுதிய அறிவித்தல்களால் வழக்குகள் விழுந்திருக்கின்றன. பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மலைப் பகுதியில் கடிதம் பிந்துவது புதிதல்ல என்பதால் பத்துப் பதினைந்து நாட்கள் முன்னதாகவே அனுப்பிவிடுவது பாதுகாப்பு. அறிவித்தல் போன பிறகு அவர் திடீரென்று ஒரு மாதக் காசை நீட்டினால் வாங்கலாம்; ஆனால் வழக்கமான வாடகைப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், வாடகை உறவு தொடர்கிறது என்ற வாதத்துக்கு நீங்களே வழி திறந்துவிடுவீர்கள். "அறிவித்தலுக்குப் பாதகமின்றி, வீட்டைத் தொடர்ந்து பாவிப்பதற்கான நட்டஈடாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதிக் கொடுங்கள்.

திகதி கடந்தும் அவர் போகாவிட்டால், வீடு அமைந்துள்ள பிரதேசத்துக்கான மாவட்ட நீதிமன்றத்தில் வெளியேற்ற வழக்கு. வாடகைக்காரர் எதிர்த்து நின்றால் சாதாரண வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். தீர்ப்புக்குப் பிறகு மேன்முறையீடும் இருக்கிறது. இதைக் குறைப்பதற்காகவே, குத்தகைக்கு விட்ட கட்டடத்தின் உடைமையை மீளப்பெறுவதற்கான 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. குத்தகைக் காலம் முடிந்தோ, முறைப்படி முடிவுறுத்தப்பட்டோ இருந்தும் வெளியேறாதவருக்கு எதிராக அது விரைவான ஒரு நடைமுறையைத் தருகிறது. எதிராளி சும்மா மறுத்துக்கொண்டிராமல், தான் ஏன் வெளியேற்றப்படக் கூடாது என்பதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். உங்களுடைய நொத்தாரிசு இல்லாத தாளை வைத்து அந்த நடைமுறைக்குள் போக முடியுமா என்பதை உங்கள் சட்டத்தரணி அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த வாடகைக்காரரோடு நொத்தாரிசிடம் போவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. எந்த வழியில் தீர்ப்பு வந்தாலும், ஆட்களை எழுப்பிச் சாவியைக் கையில் தருபவர் நீதிமன்றத்தின் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கால் அதிகாரிதான், நீங்களோ உங்கள் தம்பிமாரோ அல்ல. சட்டத்தரணிக்குச் செலவழிக்க வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். வருமான எல்லை பார்க்கப்படும்.

பத்து வருடம் இருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். உங்கள் அனுமதியோடு வாடகைக்காரராக உள்ளே வந்தவர், அந்த உறவு நிலவும்வரை உங்கள் உரித்தை மறுக்க முடியாது. சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 116 ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. உண்மையில் கவனிக்க வேண்டிய காலவரையறை வேறொன்று: எழுத்திலான செல்லுபடியாகும் ஒப்பந்தம் இல்லாத வாடகை நிலுவையைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடங்களே உண்டு. பாவம் பார்த்து நான்கைந்து வருடம் விட்டுவைப்பவர்கள் இழப்பது வீட்டை அல்ல, பழைய பாக்கியை.

அவர் பக்கத்திலிருந்து வரக்கூடிய மிகப் பலமான பதில், வீடு பழுது என்பதாகத்தான் இருக்கும். மே, ஜூன் மாதங்களில் தென்மேல் பருவமழை ஹட்டன், நோர்வூட் பக்கம் கொட்டும்போது தகரம் ஒழுகாத, சுவரில் பூஞ்சணம் பிடிக்காத வீடு குறைவு. வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. எனவே அவர் ஒழுக்கைப் பற்றி முன்பே முறையிட்டிருந்து நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால், இப்போதே ஆளை அனுப்பித் திருத்துங்கள், செலவுப் பற்றுச்சீட்டை வையுங்கள். வாடகை பாக்கி இருக்கும்போது எதற்குத் திருத்த வேண்டும் என்று தோன்றும். ஆனால் நீதிமன்றத்தில் ஈரச் சுவரின் படங்களைக் காட்டும் சந்தர்ப்பத்தை அவருக்குக் கொடுக்காமல் இருப்பது, அந்தத் தகரத்தின் விலையை விடப் பெறுமதியானது.

அடுத்து வருபவரைத் தெரிவு செய்யும்போது, அவருடைய சம்பள நாளைக் கேட்டு வாடகைத் திகதியை அதற்கு இரண்டு நாள் பின்னால் வையுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவருக்குப் பத்தாம் திகதி சம்பளம் என்றால் பன்னிரண்டாம் திகதி. அரச உத்தியோகத்தருக்கு மாதக் கடைசி. முதலாம் திகதி என்று எல்லோருக்கும் ஒரே விதி போடுவதால் பிந்துவது பழக்கமாகிவிடுகிறது. மின்சாரத்துக்கு உப மானி ஒன்றைப் பொருத்தி, மாதாமாதம் எண்ணை இருவரும் பார்த்து எழுதுங்கள். நுவரெலியா பக்கம் சுடுநீர் ஹீட்டர் உள்ள வீடுகளில் இதைத் தவறவே விடக் கூடாது. அங்கே ஏப்ரல் சீசனுக்கு அறைகளைக் கூடிய விலைக்கு விடும் எண்ணமுள்ளவர்கள், மாத வாடகைக்காரரைச் சீசனுக்கு முன் எழுப்பிவிடலாம் என்று கணக்குப் போடாமல், அந்த மாதங்களை ஒப்பந்தத்திலேயே ஒதுக்கி எழுத வேண்டும். ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். தமிழில் எழுதும் நொத்தாரிசுகள் இருக்கிறார்கள். வீடு அரச அனுமதிப்பத்திரக் காணியிலோ, வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச் காணியிலோ இருந்தால், அதை வாடகைக்கு விட அந்தப் பத்திரத்தின் நிபந்தனைகள் இடம் தருகின்றனவா என்று பிரதேச செயலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். லயத்துக் காம்பராவை இன்னொருவருக்கு விட்டுக் காசு வாங்குபவர்களுக்கு இந்தப் பதிலில் நான் சொன்ன எந்த வழியும் உறுதியாகக் கைகொடுக்காது.

கடைக்காரர் கடைசியில் போகச் சம்மதித்தால், போகும் நாளில் வீட்டில் இருங்கள். மானி எண்ணைப் படம் எடுத்து, அறைகளைச் சுற்றிப் பார்த்து, சாவிகள் எல்லாம் வந்தனவா என்று எண்ணி, "இன்றைய திகதியில் வீட்டின் வெறுமையான உடைமையை ஒப்படைத்தேன், என் பொருட்கள் எதுவும் உள்ளே இல்லை" என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள். வைப்புப் பணத்திலிருந்து எவ்வளவு கழிக்கப்பட்டது, எவ்வளவு இன்னும் பாக்கி அல்லது விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதும் அதே தாளில், இருவர் கையொப்பத்தோடு இருக்கட்டும். அவர் ஏதாவது சாமானை "பிறகு வந்து எடுக்கிறேன்" என்று ஓர் அறையில் பூட்டி வைக்கக் கேட்டால் சம்மதிக்க வேண்டாம். பூட்டிய ஒரு காம்பரா அவர் கையில் இருக்கும்வரை வீட்டின் உடைமை முழுமையாக உங்களிடம் வந்ததாகாது.